ராபர்ட் பைர்டின் இரண்டு ஜூன் பத்துகள்

நண்பர்களே, 1963 ஜூன் 10. வாஷிங்டனில் அமெரிக்கன் பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழா. பேச வந்த அதிபர் கென்னடி ஒரு கிண்டலோடுதான் ஆரம்பித்தார். "என் பழைய சகா பாப் பைர்ட் பல வருஷம் இரவுக் கல்லூரிக்குப் போய் வாங்குகிற பட்டத்தை, நான் இன்னும் அரை மணி நேரத்தில் வாங்கிவிடுவேன்" என்றார்.

பாப் என்று அழைக்கப்பட்ட ராபர்ட் பைர்ட் அப்போதே செனட்டர், அதாவது அமெரிக்க நாடாளுமன்ற மேலவையின் உறுப்பினர். பகலில் சட்டம் இயற்றிவிட்டு ராத்திரியில் சட்டம் படித்த ஆள். 1918 விஷக்காய்ச்சலில் அம்மா போய்விட, மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரி ஊர்களில் அத்தை வீட்டில் வளர்ந்தவர். பெட்ரோல் பங்க், கறிக்கடை, போர்க்காலத்தில் கப்பல் தளத்தில் வெல்டிங் என்று எல்லா வேலையும் பார்த்தவர். சரி, ஏழைப் பையன் முன்னேறிய கதைதானே என்று நினைத்துவிடாதீர்கள். இதே மனிதர் 1940-களில் கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளையின வெறி அமைப்புக்கு ஆள் சேர்த்தவரும்கூட.

அந்த விழாவுக்கு மறுநாள் இரவு, கறுப்பின மக்களுக்கான சிவில் உரிமைச் சட்டம் கொண்டுவரப் போவதாகக் கென்னடி தொலைக்காட்சியில் அறிவித்தார். நவம்பரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். மசோதா செனட்டுக்கு வந்தது. அங்கே ஒருவர் பேசிக்கொண்டே இருந்தால் வாக்கெடுப்பு நடத்த முடியாது. அப்படிப் பேசியே அதை நிறைவேறவிடாமல் தடுக்க 1964 ஜூன் 9 மாலை எழுந்தார் பைர்ட். விடிந்தும் உட்காரவில்லை. 14 மணி 13 நிமிடம்! அவர் முடித்தபோது தேதி ஜூன் 10. பட்டமளிப்பு நடந்து சரியாக ஒரு வருஷம். அன்றே 71-க்கு 29 என்ற வாக்கில் விவாதத்துக்கு முடிவு கட்டினார்கள், அடுத்த சில வாரங்களில் சட்டம் நிறைவேறியது.

இதற்கெல்லாம் பின்னாளில் அவர் வருந்தினார், வெளிப்படையாகவே சொன்னார். ஆனாலும் அந்தப் பதினான்கு மணி நேரம் அவைக் குறிப்பில் அப்படியே இருக்கிறது.

அப்புறம் கென்னடியின் தம்பி டெட். 1971-இல் கட்சிக் கொறடா பதவிக்கான போட்டியில் அவரைத் தோற்கடித்தவரே பைர்ட்தான். ஆனால் காலப்போக்கில் இருவரும் நெருங்கிவிட்டார்கள். 2002-இல் ஈராக் போருக்கு எதிராக இருவருமே வாக்களித்தார்கள். 2008-இல் ஒபாமாவை ஆதரித்தார் பைர்ட்.

2009 ஆகஸ்டில் டெட் காலமானார். அவர் ஆயுள் முழுக்கக் கேட்டுவந்த மருத்துவக் காப்பீட்டு மசோதா டிசம்பர் 24 காலையில் வாக்கெடுப்புக்கு வந்தது. 92 வயது பைர்டைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பெயரைக் கூப்பிட்டதும் சொன்னார்: "இது என் நண்பர் டெட் கென்னடிக்காக. ஆம்!"