வால்வு எப்போது மூடுகிறது?

வணக்கம். பைக் இன்ஜினைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசச் சொன்னார்கள். நான் வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் தண்டான கேம்ஷாஃப்டை, சுருக்கமாகக் கேமை, மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பட்டறைக்கு வரும் பையன்களில் பாதிப் பேர் "அண்ணே, டைமிங்கைக் கொஞ்சம் ஏத்திவிடுங்க, வண்டி பறக்கணும்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். எந்த டைமிங் என்று கேட்டால் முழிப்பார்கள். ப்ளக்கில் பொறி எப்போது விழ வேண்டும் என்பது ஒரு டைமிங். வால்வு எப்போது திறந்து எப்போது மூட வேண்டும் என்பது வேறு. நான் பேசப்போவது இரண்டாவதை. ஒருவர் ஆர்எக்ஸ் 100-ஐக் கொண்டுவந்து கேம் மாற்றச் சொன்னார். அது டூ ஸ்ட்ரோக், அதில் கேமே கிடையாது. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் கிராங்க், அதாவது பிஸ்டன் சுற்றிவிடும் தண்டு, இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. அந்த ஒரு சுற்றுக்குள் நான்கு சம்பவங்கள்: இன்லெட் (கலவை உள்ளே வரும் வால்வு) திறப்பது, மூடுவது, எக்ஸாஸ்ட் (புகை வெளியே போகும் வால்வு) திறப்பது, மூடுவது. நான்கிலும் பவரை அதிகம் தீர்மானிப்பது இன்லெட் மூடும் நேரம்தான். பிஸ்டன் அடிமட்டம் போனவுடனே மூடிவிடுவதில்லை, அது மேலே ஏற ஆரம்பித்த பிறகும் கிராங்க் நாற்பது, ஐம்பது, அறுபது டிகிரி சுற்றும் வரை திறந்தேதான் இருக்கும். ஏன்? டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் ஓடிவந்து ஏறிக்கொண்டிருக்கும்போது கண்டக்டர் விசிலை ஒரு நொடி தாமதித்தால் இன்னும் நாலு பேர் ஏறிவிடுவார்கள். கூட்டமே இல்லாத நேரத்தில் அப்படித் தாமதித்தால் ஏறினவர்களில் ரெண்டு பேர் அலுத்துப்போய் இறங்கிவிடுவார்கள். பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையும் அப்படித்தான்: இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது வந்த வேகத்திலேயே உள்ளே திணிந்துகொண்டிருக்கும், மெதுவாகச் சுற்றும்போது மேலே வரும் பிஸ்டன் அதைத் திருப்பி வெளியே தள்ளிவிடும்.

அதனால் இன்லெட் கேமை முன்னால் தள்ளினால் வால்வு சீக்கிரம் மூடி, கீழ் வேகத்தில் இழுவை கூடும், மேல் வேகத்தில் மூச்சு வாங்கும். பின்னால் தள்ளினால் மேலே பவர் வரும், சிக்னலில் இருந்து கிளம்பும்போது சோம்பும். புதிதாகப் பெரிய பவர் எதுவும் முளைப்பதில்லை. இருப்பதை எந்த வேகத்தில் வைத்துக்கொள்வது என்பதுதான் கணக்கு. சுசுகி 2017-இல் ஜிஎஸ்எக்ஸ்-ஆர் 1000-இல் செய்ததைப் பாருங்கள்: இன்லெட் கேமைச் சுற்றும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டுக்குள் இரும்புக் குண்டுகளை வைத்தார்கள். ஆர்பிஎம் ஏறினால் குண்டுகள் வெளிப்பக்கம் ஓடி, கேமைத் தானாகவே பின்னுக்குத் தள்ளிவிடும். மேலேயும் பவர், கீழேயும் இழுவை. அந்த யோசனையை நான் ரொம்பவே ரசிக்கிறேன், மோட்டார் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை, குண்டுதான்.

நம் கையில் இருக்கும் வண்டிக்கு வருவோம். ஒரு பல் தள்ளிப் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்பார்கள். 32 பல் உள்ள ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் என்பது கேமில் பதினொன்றேகால் டிகிரி, கிராங்கில் இருபத்திரண்டரை. அது ட்யூனிங் இல்லை, விபத்து. சின்ன வயதில் என் சொந்த வண்டியில் அதைச் செய்து ஒரு வால்வை வளைத்தவன் நான். தேவைப்படுவது நாலு ஐந்து டிகிரிதான், அதற்கு ஸ்ப்ராக்கெட்டின் போல்ட் துளைகளை நீளவாக்கில் அராவி நகர்த்துவார்கள். இரண்டு கேம் உள்ள இன்ஜினில் இன்லெட்டை மட்டும் தனியாக நகர்த்தலாம். ஒரே கேம் உள்ள சாதாரண 100, 125 சிசி வண்டியில் எக்ஸாஸ்டும் கூடவே நகரும், அதனால் அங்கே லாபம் குறைவு. பழைய புல்லட்டில் தண்டு மேலே இல்லை, கீழேயே இரண்டு கேம், ஒவ்வொன்றுக்கும் தனிப் பற்சக்கரம். அதில் பற்சக்கரங்களில் இருக்கும் குறிகளைப் புள்ளிக்குப் புள்ளி சேர்த்துவிட்டு நிம்மதியாக இருங்கள் என்பேன்.

நகர்த்துவதற்கு முன், இப்போது எங்கே இருக்கிறது என்று அளக்க வேண்டும். பாதிப் பேர் இதைச் செய்வதே இல்லை. கேமைச் சுற்றும் செயின் நீண்டிருந்தாலும், ஹெட்டை (சிலிண்டரின் மேல் மூடியை) லேத்தில் சீவியிருந்தாலும் கேம் ஏற்கெனவே பின்தங்கித்தான் இருக்கும். அதைக் கம்பெனி அளவுக்குத் திருப்பினாலே வண்டி உயிர் பெற்ற மாதிரி இருக்கும். கிராங்கில் டிகிரி குறித்த தட்டான டிகிரி வீல், வால்வு எவ்வளவு இறங்குகிறது என்று காட்ட அதன் மேல் டயல் கேஜ். டாப், அதாவது பிஸ்டன் உச்சத்தில் நிற்கும் இடம், எது என்று கண்ணால் பார்க்காதீர்கள், அங்கே பிஸ்டன் சில டிகிரிக்கு அசையாத மாதிரியே நிற்கும். ப்ளக் ஓட்டையில் ஒரு தடுப்பைத் திருகி, இரண்டு பக்கமும் மெதுவாகச் சுற்றி முட்டவிட்டு, இரண்டு அளவுக்கும் நடுவை எடுங்கள். இன்லெட் கேமின் உச்சியையும், அதாவது வால்வு முழுதாகத் திறக்கும் இடத்தையும், அதே வழியில்: முழுத் திறப்புக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் டாப்பிலிருந்து 80 டிகிரி, மூடும் பக்கம் ஒரு மில்லிமீட்டர் இறங்கியதும் 132 என்று வந்தால், உச்சி 106. அதை 102 ஆக்கினால் முன்னால், 110 ஆக்கினால் பின்னால்.

அப்புறம், வால்வு பிஸ்டனில் முட்டுமா என்று பார்க்க, பிஸ்டன் தலையில் கொஞ்சம் களிமண் ஒட்டி, ஹெட்டை மாட்டிச் சுற்றி, கழற்றி, வால்வு பதிந்த இடத்தில் மிச்சமிருக்கும் தடிமனைப் பாருங்கள். இன்லெட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர், எக்ஸாஸ்டுக்கு இரண்டு என்பது நான் வைத்திருக்கும் கோடு. சுத்தம் செய்து எல்லாம் பூட்டிய பிறகு கிக்கரைத் தொடாமல், ப்ளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்காவது முட்டினால் அமுக்கிச் சுற்றாதீர்கள், திரும்பக் கழற்றுங்கள்.