கல்லுக்கும் ஒரு சீட்டு வேண்டும்

(ஈரோட்டில் நூலக வாசகர்கள் கூடிய மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் ஐயா அவர்களே! மஞ்சள் மண்டியில் பகலெல்லாம் ஏலத்துக்கு நின்றுவிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கிறீர்கள். அதற்கே முதல் வணக்கம். முன்னிலை வகிக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, ஓய்வுபெற்ற வட்டாட்சியர் ஐயா அவர்களே, இந்த அரங்கை வாடகையில்லாமல் கொடுத்த நூலக அலுவலர் அவர்களே, பவானியிலிருந்தும் கோபியிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் வாசக நண்பர்களே, முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கும் கண்ணுகளே, எல்லாருக்கும் வணக்கம். மருத்துவர் ஐயா வழியில் வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். அவருக்கும் சேர்த்தே வணக்கம் சொல்லிவிடுகிறேன். பொன்னாடைக்குப் பதிலாக எனக்கு ஒரு கைலென்ஸ் கொடுத்திருக்கிறார்கள். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸ். இதைவிட நல்ல மரியாதையை நான் எந்த மேடையிலும் பெற்றதில்லை.

புதைபடிவத் தலைக்காலிகளை எங்கே பொறுக்குவது, எப்படி அடையாளம் காண்பது, எப்படிச் சுத்தம் செய்வது என்று மூன்று விஷயம் பேசுவதாக அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். தலைக்காலி என்றால் பயப்பட வேண்டாம். மீன் மார்க்கெட்டில் விற்கும் கணவாய் ஒரு தலைக்காலி, ஆக்டோபஸ் இன்னொன்று. தலையிலிருந்தே கைகால் முளைத்த உயிர்கள். அந்தக் கூட்டத்தில் ஓடு சுமந்த பெரிய குடும்பம் அம்மோனைட். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் போன காலத்தில் அதுவும் போய்விட்டது. தூரத்துச் சொந்தமான நாட்டிலஸ் மட்டும் இன்றும் கடலில் இருக்கிறது.

எங்கள் அப்பாரு பஞ்சாயத்துக்கு உட்காரும்போதெல்லாம் ஒன்று சொல்வார். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். இந்தப் பொழுதுபோக்குக்கு முதல் பாடமும் அதுதான், கடைசிப் பாடமும் அதுதான்.

அதற்கு ஒரு கதை சொல்கிறேன். பெருந்துறையில் என் மைத்துனர் வீடு கட்டினார். ஹாலுக்கு இத்தாலியிலிருந்து வந்த சிவப்பு மார்பிள். புண்ணியார்ச்சனைக்கு ஒரு வாரம் இருக்கும்போது போன் வந்தது. "மாமா, உடனே வாங்க, வீட்டுல பெரிய பிரச்சனை." போய்ப் பார்த்தால் பூஜை அறை வாசற்படிக்கு முன்னால், ஒரு சாண் அகலத்துக்கு, கல்லுக்குள்ளேயே ஒரு சுருள். சுற்றி ஒரு கூட்டம். "ஏனுங் மாப்பிள்ளை, பாம்பு சுருண்டு படுத்திருக்குது. இது நல்லதுங்களா கெட்டதுங்களா?" என்று என் மாமியார் கேட்கிறார். மேஸ்திரி, "கல்லுல பழுதுங்க, பேத்துட்டு வேற போட்டுடலாம்" என்கிறார். கல் விற்றவரோ போனில், அது டிசைன் என்கிறார். மைத்துனர் மகள் மட்டும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விரலால் அந்தச் சுருளைச் சுற்றிச் சுற்றி வருடிக்கொண்டு, "இது நத்தை" என்கிறாள். ஜோசியருக்கு ஆள் அனுப்பியாகிவிட்டது. அவர் வருவதற்குள் நான் ஈரத்துணியும் டார்ச்சும் கேட்டேன். துணியால் துடைத்ததும் சிவப்பு ஆழமாகி, சுருள் வெள்ளையாக எழுந்து வந்தது. தரையில் குப்புறப் படுத்து லென்ஸை வைத்தேன். மாமியார் பதறிப்போய், "மாப்பிள்ளைக்குப் பாய் போடுங்கடா" என்று சத்தம் போட்டார்.

லென்ஸில் என்ன தெரிந்தது? சுருளுக்குள்ளே குறுக்கே மெல்லிய தடுப்புச் சுவர்கள், ஒன்றுக்குப் பின் ஒன்றாக. அறை அறையாகப் பிரிந்திருந்தது. நத்தை ஓட்டுக்குள் இப்படி வரிசையாகச் சுவர் இருக்காது, ஒரே குழாயாகத்தான் போகும். சுவர் இருந்தால் தலைக்காலி. கல்லை அறுத்த வாள் சரியாக நடுவில் போயிருந்ததால், அந்தச் சுவர்களை ஊடுருவிச் செல்லும் சின்னக் குழாயும் தெரிந்தது. நாட்டிலஸாக இருந்தால் அது சுவரின் நடுவாக்கில் போகும். இங்கே சுருளின் வெளி விளிம்பை ஒட்டிப் போனது. அப்படியானால் அம்மோனைட். இத்தாலியில் வெரோனா பக்கத்து மலைகளில் வெட்டும் சிவப்புக் கல் அது. ஜுராசிக் காலத்துக் கடலடிச் சேறு இறுகி உண்டானது. "அப்படின்னா இது சாளக்கிராமமுங்களா?" என்றார் மாமியார். நேபாளத்துக் கண்டகி ஆற்றில் வரும் கருப்புக் கல்தான் சாளக்கிராமம், இது அதில்லை, ஆனால் அந்தக் கல்லுக்குள் சக்கரமாகத் தெரிவதும் இதே இனத்து உயிர்தான் என்றேன். அவ்வளவுதான். ஜோசியர் வந்து சேர்ந்தபோது சுருளைச் சுற்றிக் கோலம் போட்டாகிவிட்டது. புண்ணியார்ச்சனை அன்று வந்த சனமெல்லாம் வீட்டைப் பார்க்கவில்லை, தரையைத்தான் பார்த்தது. பழுது என்று சொன்ன அதே மேஸ்திரி, இப்போது எந்த வீட்டில் சிவப்பு மார்பிள் இறங்கினாலும் பலகை பலகையாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்கிறார். பாம்பு, பழுது, டிசைன், நத்தை என்று நாலு பேர் நாலு விதமாகக் கண்டார்கள். தீர விசாரிப்பதே மெய்!

சரி, நம் கொங்கு மண்ணில் இது கிடைக்குமா? கிடைக்காது. மதுக்கரையிலும் சங்ககிரியிலும் சுண்ணாம்புக்கல் இருக்கிறதே, கிணறு தோண்டினால் ஏதாவது வராதா என்று கேட்கிறார்கள். அந்தச் சுண்ணாம்புக்கல் பூமிக்குள் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து, பளிங்காக மறுபடி உருவானது. நாமக்கல், சேலம் பக்கத்துப் பாறைகள் பலவற்றின் வயது 250 கோடி ஆண்டு. அப்போது ஓடுள்ள உயிரே உலகில் கிடையாது. ஆனால் நாமக்கல்லிலிருந்து துறையூர் வழியாகப் பெரம்பலூர் போய்விட்டால் உலகமே மாறிவிடும். காரை கிராமத்துப் பக்கம் பாருங்கள். ஒரு புல் பூண்டு நிற்காத களிமண் மேடுகள், மழை அரித்த ஓடைகள், வெயிலில் மினுங்கும் ஜிப்சம். ஏறக்குறைய 10 கோடி ஆண்டுக்கு முந்திய கடலடி அது.

அங்கே முதலில் கண்ணில் படுவது பெலம்னைட். விரல் நீளத்தில், பழுப்பாக, ஒரு முனை கூர்மையாக, துப்பாக்கிக் குண்டு மாதிரி இருக்கும். முள் என்பார்கள், மரக்குச்சி என்பார்கள். உடைந்த துண்டு ஒன்றை எடுத்து முகப்பைப் பாருங்கள். நடுவிலிருந்து நாலாபக்கமும் இழை இழையாகக் கதிர் விரியும், அதைச் சுற்றி வளையங்களும் இருக்கும். கணவாய்க்குச் சொந்தக்கார உயிரின் உள்ளோடு அது. நல்ல மழைக்குப் பிறகு போனால் புதிதாகக் கழுவி வெளியே கிடக்கும். சுத்தியலுக்கு வேலையே இல்லை, குனிந்து எடுத்தால் போதும்.

அம்மோனைட்டில் எல்லாமே தட்டையான சுருளாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். டர்ரிலைட்ஸ் கோபுரம்போல் முறுக்கி ஏறும், பாக்குலைட்ஸ் நேர்க்கோலாக நீளும். ஓடு கரைந்துபோய், அதற்குள் புகுந்து இறுகிய சேறு, அதாவது உள்வார்ப்பு, மட்டும் கிடைத்தால், உள்சுவர் வெளி ஓட்டைத் தொட்ட கோடு மேலே தெரியும். நாட்டிலஸில் அந்தக் கோடு மெல்ல வளைந்து போகும். அம்மோனைட்டில் கொத்தமல்லி இலையின் ஓரம்போல் வெட்டு வெட்டாக நெளியும். அப்புறம் விலா எத்தனை, புடைப்பு இருக்கிறதா, முதுகில் வரப்பு ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். பேரினம் வரை வந்துவிட்டாலே நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய வெற்றி. சிற்றினப் பெயருக்கு அவசரப்படக் கூடாது.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஊர்ப் பக்கம், எந்தப் பள்ளி என்று சொல்லப்போவதில்லை, ஓர் ஆசிரியர் பணிக்காலம் முழுவதும் அரியலூர், பெரம்பலூர் போய்வந்து ஒரு பீரோ நிறையக் கல் சேர்த்தார். ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயின்டில் ஒரு எண், ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு. அவர் ஓய்வு பெற்ற பிறகு பீரோவை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். சீட்டுகள் பழைய பேப்பரோடு எடைக்குப் போயின. கற்கள் செம்பருத்திப் பாத்திக்கு வரப்பாகிவிட்டன. நான் போய்ப் பார்த்தேன். ஒரு கை அகல அம்மோனைட் பாதி மண்ணில் புதைந்து கிடந்தது, எண் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. எந்த ஓடையில், எந்த மண் அடுக்கில் எடுத்தது? இனி யாரும் சொல்ல முடியாது. தீர விசாரிப்பதே மெய் என்கிறோம். விசாரிக்கச் சீட்டு வேண்டாமா?

1846இல் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற பிரிட்டிஷ் இயற்கையியலாளர் தென்னிந்தியப் புதைபடிவங்களை விவரித்து எழுதினார். பிரம்மா, விஷ்ணு, கணேசா என்று அம்மோனைட்டுகளுக்கு நம் சாமிகளின் பெயரையே வைத்தார். அந்தக் கற்களைச் சேர்த்த கேயும் கன்லிஃபும் புவியியலாளர்கள் அல்ல, மதராஸ் அரசாங்கத்தில் அதிகாரிகள். இந்த அரங்கில் இருக்கும் வட்டாட்சியர் ஐயா மாதிரி! பிறகு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பிளான்ஃபோர்டு அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிப் பாறைகளை வரைபடமாக்கினார். அதே துறையின் ஸ்டோலிச்கா 1860களில் தலைக்காலிகளைப் படம் படமாக விவரித்தார். இன்றும் நம் கையில் ஒரு கல் கிடைத்தால் அந்தப் படங்களோடுதான் ஒப்பிடுகிறோம். இடம் இன்னதென்ற குறிப்பு இருந்ததால்தான் ஆர்வலர் சேர்த்த கல் அறிவியலாயிற்று.

அதனால் என் கோரிக்கை இது. நம் மாவட்ட மைய நூலகத்தில் ஒரே ஒரு அறை. கல்லுக்கு இழுப்பறை, சீட்டுக்கு ஒரு பதிவேடு. ஆர்வலர்கள் சேர்த்தது அவர்கள் காலத்துக்குப் பின் அங்கே வந்து சேரட்டும். கொங்கு நாட்டுப் பிள்ளை காரைக்குப் போகுமுன் அங்கே வந்து தொட்டுப் பார்க்கட்டும். காங்கேயத்துப் பச்சைக்கல்லும் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறையும்கூடப் பக்கத்திலேயே இருக்கட்டும். அந்தச் சித்தம்பூண்டிக் கல்லைப் பொடித்துத்தான் இஸ்ரோ நிலவின் மண்ணுக்கு மாதிரி செய்தது. அது எந்த ஊர்க் கல் என்று நாமக்கல் பையனே கேட்கிறான். அலமாரிச் செலவை மண்டி வணிகர்கள் பார்த்துக்கொள்வதாகத் தலைவர் ஐயா என் காதில் சொல்லியிருக்கிறார். மேடையில் சொன்னதற்கு ஐயா என்னை மன்னிக்க வேண்டும், இனி பின்வாங்க முடியாது.

சுத்தம் செய்வதற்கு நேரமில்லை, மணி அடித்துவிட்டார்கள். பழைய பல் தேய்க்கும் பிரஷும் தண்ணீரும் போதும், ஆசிட் பக்கம் போகாதீர்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பெரம்பலூர் பக்கத்துச் சாத்தனூர் கல்மரப் பூங்காவில் ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது, அது தேசியப் புவியியல் நினைவுச் சின்னம். காட்டுக்காரரைக் கேட்காமல் வரப்பில் கால் வைக்கக் கூடாது. சுரங்கத்துக்குள் அனுமதியில்லாமல் நுழையவே கூடாது.

வாசலில் மேசைமேல் வெற்றுச் சீட்டுகள் வைத்திருக்கிறேன். இடம், தேதி, எடுத்தவர் பெயர், மேலாகக் கிடந்ததா அடுக்கிலிருந்து எடுத்ததா என்று நாலு வரி. ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எந்தக் கல் இருந்தாலும் இன்று இரவே எழுதி வையுங்கள். அறைக்கான மனு பக்கத்திலேயே இருக்கிறது, கையெழுத்துப் போடாமல் யாரும் போக வேண்டாம். நன்றி, வணக்கம்.