பனியைக் கண்ணால் அளந்தவர்கள்

(மட்டக்களப்பு கல்லடியில் மாணவர்களும் கடற்றொழிலாளரும் கூடியிருந்த மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

பெரியோர்களே, தாய்மாரே, பிள்ளைகளே,

1978 நவம்பர் 23 சூறாவளியை இங்குள்ள மூத்தவர்கள் யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். தென்னைகள் வேரோடு சாய்ந்த அந்த நாளுக்கு ஒரு மாதம் முன்னர்தான் நிம்பஸ்-7 என்ற செய்மதி ஏவப்பட்டது. வடதுருவக் கடலின் பனிக்கு இடைவிடாத கணக்கு அதிலிருந்தே தொடங்குகிறது. 1979இல் கோடை முடியும் செப்டம்பரில் எஞ்சிய பனி சுமார் 70 இலட்சம் சதுர கிலோமீற்றர். 2012 செப்டம்பரில் 34 இலட்சம். பாதி போய்விட்டது.

அதற்கு முன் என்ன இருந்தது என்று யாரைக் கேட்பது? கப்பற்காரரைத்தான். திமிங்கில வேட்டைக்குப் போனவர்களும் வழிதேடிப் போனவர்களும் காற்று, குளிர், பனி என்று நாள்தோறும் பதிவேட்டில் எழுதினார்கள்.

ஜெனற் என்ற அமெரிக்கக் கப்பலின் கதையைச் சொல்லாமல் என்னால் அப்பால் போக முடியவில்லை. 1879 செப்டம்பரில், சைபீரியாவுக்கு வடக்கே, பனி அதைப் பிடித்துக்கொண்டது. கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுகள் விடவில்லை. 1881 ஜூனில் கப்பல் நொறுங்கி மூழ்கியது. இருந்த 33 பேரும் படகுகளைப் பனிமேல் இழுத்துக்கொண்டு நடந்தார்கள். உணவே பாரமாக இருந்த அந்த நடையில் பதிவேடுகளையும் சுமந்தார்கள். 20 பேர் மாண்டார்கள். தலைவர் டி லோங் லேனா ஆற்று முகத்தில் பசியாலும் குளிராலும் இறந்தார். ஏடுகள் தப்பின. இன்று தன்னார்வலர்கள் அவற்றை வரிவரியாகப் பெயர்த்தெழுத, ஆய்வாளர்கள் அந்தக் காலத்து வானிலையை மீட்டெடுக்கிறார்கள். அந்தக் கப்பல் சிக்கிய இடத்தில் இப்போது பல செப்டம்பர்களில் வெறுங்கடல்தான் கிடக்கிறது.

செய்மதி வந்தபின் கண்ணுக்கு வேலை போகவில்லை. கோடையில் பனிமேல் உருகி நிற்கும் குட்டைகளைச் செய்மதியின் நுண்ணலைக் கருவி திறந்த கடலென்று எண்ணிவிடும். அதனால் இன்றும் கப்பல் மேற்தளத்தில் ஒருவர் மணிக்கொருமுறை நின்று, பத்தில் எத்தனை பங்கு பனி, எவ்வளவு தடிப்பு, பழையதா புதியதா என்று குறிக்கிறார். பல கோடை கண்ட தடித்த பனி அருகிவிட்டது. ஒரு மாரியில் உறைந்த மெல்லிய பனியே இப்போது அதிகம்.

மிதக்கும் பனி உருகினால் எங்கள் வாவி நேராக உயராது. ஆனால் வெண்பனி திருப்பியனுப்பிய வெயிலை, பனி போன இடத்துக் கரிய கடல்நீர் உறிஞ்சிக்கொள்கிறது. அந்தச் சூட்டில் கிறீன்லாந்தின் நிலப்பனி உருகினால், அந்தத் தண்ணீர் கடலுக்குத்தான் வரும்.

வாசல் மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். வாவியின் முகத்துவாரம் எந்த ஆண்டு எந்த நாளில் திறந்தது, எப்போது அடைபட்டது, கச்சான் காற்று எப்போது எழுந்தது என்று நினைவிருப்பவர்கள் எழுதிவிட்டுப் போங்கள். எழுத வராதவர்கள் சொல்லுங்கள், பிள்ளைகள் எழுதுவார்கள்.