பழைய சொல்லால் தேடுதல்

(கிளிநொச்சியில் ஒரு வாசிகசாலை மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, உயர்தர வகுப்பு மாணவர்களே, வயல் வேலையை ஒரு பொழுது ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் அம்மாமாரே, ஐயாமாரே, அனைவருக்கும் வணக்கம்.

சமூக நீதிக்காக நடந்த போராட்டங்களின் ஆவணங்களையும் ஒலிப்பதிவுகளையும் மின்னூலகங்களில் தேடுவது பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறீர்கள். 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகையின் அலுவலகமும் எரிந்தது. வன்னியிலோ, 2009 வரை ஊர் ஊராக இடம்பெயர்ந்த நம்மவர்களில் பலருக்கு, பிறப்புச் சான்றிதழும் காணிப் பத்திரமும் சுற்றி வைத்த ஒரு பொலித்தீன் பையைத் தவிர வேறு எழுத்து எதுவும் மிஞ்சவில்லை. ஆகவே, 2005 இல் தன்னார்வலர்கள் தொடங்கிய 'நூலகம்' என்ற மின்னூலகத்தில் ஒரு பழைய சங்கத்தின் மாநாட்டு மலர் இருக்குமானால், இங்கே வாழும் ஒருவருக்கு எட்டக்கூடிய ஒரே பிரதி அதுவாகவே இருக்கலாம். அதைத் தேடி எடுக்கத் தெரியாமல் போனால், இருந்தும் இல்லாத கணக்குத்தான்.

இன்று நான் முதன்மையாகச் சொல்ல வந்தது ஒன்றே. ஆவணம் தன் காலத்துச் சொல்லில்தான் பேசும். நாம் இன்றைய சொல்லைக் கொண்டு போய் அதன் கதவைத் தட்டினால் அது திறக்காது.

இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் எத்தனையோ பேரின் குடும்பங்கள் 1958 இலும் 1977 இலும் நடந்த வன்செயல்களின் பின் மலைநாட்டிலிருந்து இங்கே வந்தவை. அந்தக் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் தன் பாட்டனின் வரலாற்றை அறிய விரும்பி 'மலையகத் தமிழர்' என்று தேடுகிறார். அண்மைக் காலத்துக் கட்டுரைகள் நிறைய வரும். பாட்டன் வாழ்ந்த காலத்துத் தாள்கள் வருவது அரிது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் உரிமை இழந்த அந்த மக்களை, அக்காலத்துப் பத்திரிகைகள் 'இந்தியத் தமிழர்' என்றும், 'தோட்டத் தொழிலாளர்' என்றும், பின்னர் 'நாடற்றவர்' என்றும் எழுதின. 1964 ஒக்டோபர் 30 இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டு, மிகுதி 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று விட்டது. அந்த ஒப்பந்தத்திலும் 'இந்திய வம்சாவளியினர்' என்ற பெயர்தான் உண்டு. 'கள்ளத்தோணி' என்ற வசைச் சொல்லையும் நீங்கள் தேடத்தான் வேண்டும். அதைத் தட்டச்சு செய்யக் கை கூசும், எனக்கும் கூசியது. ஆனால் அந்த மக்களை இழிவுபடுத்திய பேச்சும் அதற்கு எழுந்த மறுப்பும் அந்தச் சொல்லுக்குக் கீழேதான் கிடக்கின்றன.

இன்னொரு சொல், 'துண்டு'. தோட்டத் தொழிலாளி வேறு தோட்டத்துக்கு மாற விரும்பினால், அவருடைய கடனைக் கட்டினால் விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுத்த சீட்டுக்குத் துண்டு என்று பெயர். கடனோடு சேர்த்து மனிதரையே கைமாற்றிய அந்த முறை 1921 இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. 'துண்டு' என்று மட்டும் தேடினால் துண்டுப் பிரசுரமும் துணித் துண்டும் நிலத் துண்டும் வந்து குவியும். தொழிலாளரைத் திரட்டி மேற்பார்த்தவரைக் கங்காணி என்பார்கள். 'துண்டு கங்காணி', 'துண்டு கடன்' என்று இரண்டு சொற்களாகக் கொடுத்தால் மேசை துப்புரவாகிவிடும். ஆங்கிலேயரும் இச்சொல்லை மொழிபெயர்க்காமல் ஒலிபெயர்த்தே தம் கோப்புகளில் எழுதியதால், ஆங்கில எழுத்தில் இதைத் தேடினால் குடியேற்ற நாட்டு அறிக்கைகளும் கிடைக்கும்.

நமக்கு மிக அருகிலுள்ள எடுத்துக்காட்டு காந்தியம். மலைநாட்டிலிருந்து வந்த அகதிகளை வவுனியாவிலும் சுற்றியுள்ள இடங்களிலும் குடியமர்த்திய இந்த இயக்கத்தை முன்னின்று நடத்திய எஸ். ஏ. டேவிட் அவர்களும் மருத்துவர் இராஜசுந்தரம் அவர்களும் 1983 ஏப்ரலில் கைதானார்கள். இராஜசுந்தரம் அவர்கள் அவ்வாண்டு ஜூலை 27 இல் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். இந்த மண்ணின் சமூக நீதி வரலாற்றில் இதைவிட நெருக்கமான பக்கம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் 'காந்தியம்' என்று தேடுகிறவருக்கு முதலில் வருவன மகாத்மாவின் கொள்கை விளக்க நூல்களே. 'காந்தியம் வவுனியா' என்றோ 'காந்தியம் குடியேற்றம்' என்றோ தேடி, ஆண்டை 1977 முதல் 1983 வரை என்று குறுக்கிக்கொள்ளுங்கள்.

சாதிக் கொடுமைக்கு எதிரான போராட்டத்திலும் இதே நிலைதான். 'சிறுபான்மைத் தமிழர்' என்றால் இன்றைய மாணவருக்கு நாட்டின் சிறுபான்மை இனம் என்றே தோன்றும். சிறுபான்மைத் தமிழர் மகாசபையின் பெயரிலோ அது தமிழருக்குள்ளே ஒடுக்கப்பட்ட சாதியினரைக் குறித்தது. சாதிப் பாகுபாட்டைத் தடுக்க வந்த 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் தலைப்பில் சாதி என்ற சொல்லே கிடையாது. 'சமூகக் குறைபாடுகள்' என்றுதான் இருக்கும். 1966 ஒக்டோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் சென்ற ஊர்வலத்தையும் 1968 இன் மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டத்தையும் நாளும் இடமும் கொடுத்துத் தேடுவதே சுருக்கமான வழி.

இடப்பெயரிலும் கவனம் வேண்டும். 'வன்னி' என்றால் வன்னி மரமும் வரும், தமிழ்நாட்டு வன்னியரும் வருவர். கிளிநொச்சி 1984 இல்தான் தனி மாவட்டமானது. அதற்கு முந்திய கோப்புகள் யாழ்ப்பாண மாவட்டத்தின் கீழ் இருக்கும். ஆங்கிலத்தில் வன்னியை எழுதும்போது முதலெழுத்தை V என்றும் W என்றும் இரண்டு விதமாக எழுதியிருக்கிறார்கள், இரண்டையும் பாருங்கள்.

எழுத்துச் சிக்கலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய இதழ்கள் பெரும்பாலும் பக்கப் படங்களாகவே ஏற்றப்பட்டுள்ளன. தேடல் பெட்டிக்குத் தலைப்பும் உள்ளடக்கப் பட்டியலும்தான் தெரியும், பக்கத்துக்குள் இருக்கும் வரி தெரியாது. படத்திலுள்ள எழுத்தைக் கணினி தானே வாசிக்கும் எழுத்துணரியால் உரையாக்கப்பட்டவற்றிலும், தும்பிக்கை போல் முன்னே வளைந்த பழைய 'லை'யும் 'ணை'யும் பல வேளைகளில் வேறெழுத்தாக மாறிக் கிடக்கும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்புகளை, இன்று எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான ஒருங்குறியில் தேடினால் ஒன்றும் வராது. எனவே ஒரு தேடலில் 'முடிவு எதுவும் இல்லை' என்று திரை சொன்னால், ஆவணம் இல்லை என்று எழுந்துவிடாதீர்கள். ஆண்டைத் தெரிந்துகொண்டு இதழைத் திறந்து பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள்.

ஒலிப்பதிவின் நிலை இன்னும் கடினம். குரலுக்குள் என்ன இருக்கிறது என்பதை யாராவது கேட்டு எழுதி வைத்தாலன்றி எந்தத் தேடலிலும் அது அகப்படாது. சென்ற ஆண்டு, இங்கிருந்து அதிக தூரமில்லாத ஒரு கிராமத்தில், ஓர் அம்மா என்னிடம் ஓர் ஒலிநாடாவைத் தந்தார். அதன் மேல் நீலப் பேனாவால் 'அப்பா – தோட்டத்துக் கதை' என்று மட்டும் எழுதியிருந்தது. தொண்ணூறுகளில், பற்றரி வன்னிக்குள் வரத் தடை இருந்த காலத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் பதிந்தது அது. பேச்சின் அடியில் டைனமோவின் இரைச்சல் விடாமல் கேட்கிறது. சுற்றியவருக்குக் கை சோரும் இடங்களில் பதியும் வேகம் குறைந்ததால், இன்று கேட்கும்போது பெரியவரின் குரல் கீச்சென்று உயர்ந்து மறுபடி இறங்குகிறது.

நானும் இரண்டு மாணவிகளும் மூன்று மாலைகள் இருந்து அதைக் கேட்டு எழுதினோம். நாலாவது நிமிடத்தில் 1958. பதினோராவது நிமிடத்தில் வவுனியா ரயில் நிலையத்தில் கழித்த ஓர் இரவு. பத்தொன்பதாவது நிமிடத்தில் தன் தகப்பனின் துண்டு. பிறகு, காலையில் தொழிலாளரைக் கூட்டிப் பேர் பதியும் பிரட்டுக்களத்தில் தனக்கு 'அரைப்பேர்' போட்ட நாளைச் சொல்கிறார். அன்று அவருக்குப் பாதிக் கூலிதான் என்பது அதன் பொருள். அவர் ஒரு தடவைகூடக் 'கூலி' என்றோ 'சுரண்டல்' என்றோ சொல்லவில்லை. ஆகவே விவரக் குறிப்பில் 'அரைப்பேர்' என்ற அவருடைய சொல்லை அப்படியே வைத்து, பக்கத்தில் 'கூலி வெட்டு, தோட்டத் தொழிலாளர், மலையகத் தமிழர்' என்று இன்றைய சொற்களையும் எழுதினோம். இனி இரண்டு காலத்தவரும் எந்தச் சொல்லால் வந்தாலும் அந்தக் குரலை அடையலாம். இந்த வேலையை வெளியூர் ஆய்வாளர் செய்வார் என்று காத்திருக்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். அரைப்பேர் என்றால் என்னவென்று அறிந்தவர்கள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுத வேண்டும்.

இணையத்தில் ஏற்றுவதற்கு முன் அந்த அம்மாவிடம் முழுவதையும் போட்டுக் காட்டினோம். தகப்பனின் குரலைக் கேட்டதும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். முடிந்ததும், "அப்பாட பேர் இருக்கட்டும். இருபத்தேழாவது நிமிசத்தில தம்பிட பேர் வருது, அதை மட்டும் எடுத்துப் போடுங்கோ" என்றார். எடுத்துவிட்டோம். அந்த இடத்தில் இப்போது டைனமோவின் சத்தம் இரண்டு விநாடி நின்று, பிறகு தொடர்கிறது.