பச்சை பூத்த போர்டு

நேயர்களுக்கு வணக்கம். காசு போட்டு ஆடும் பழைய எலக்ட்ரானிக் இயந்திரம் ஒன்று, போட்டு வைத்த செட்டிங் எல்லாவற்றையும் மறந்துவிட்டு, திரையில் மெமரி பிழை காட்டி நிற்கிறது. பேட்டரி செத்துவிட்டது, புதிது போட்டால் ஓடும் என்பார்கள். பேட்டரி செத்தது சின்ன விஷயம். சாகும்போது அது எதைக் கக்கிவிட்டுப் போனது என்று பார்க்க வேண்டும்.

1980களில் வந்த சர்க்யூட் போர்டுகள் பலவற்றில், செட்டிங்கை நினைவில் காக்கும் 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரியை ஈயத்தால் நேராகப் பற்றவைத்திருப்பார்கள். அதிலிருந்து கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. ஆசிட் கசிந்துவிட்டது என்று சமையல் சோடாவைத் தூவுகிறவர்கள் உண்டு. கசிந்தது காரம், சோடா அதை முறிக்காது, வினிகர்தான் முறிக்கும்.

பேட்டரியைக் கழற்றுமுன் அது எதைக் காக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கேப்காம் என்ற விளையாட்டு நிறுவனத்தின் சிபிஎஸ்-2 போர்டில், பூட்டி வைத்த விளையாட்டைத் திறக்கும் மறைக்குறியீட்டுச் சாவியையே பேட்டரிதான் காக்கிறது. பேட்டரியின் மின்சாரம் போனால் விளையாட்டும் போய்விடும். மற்ற பெரும்பாலான போர்டுகளில் இழப்பது ஸ்கோரும் கணக்கும் மட்டும்தான்.

பிளக்கைப் பிடுங்கி, கண்ணாடியும் கையுறையும் போட்டு, பேட்டரியின் கால்களை வெட்டி எடுங்கள். கசிவால் செம்பு அரித்துப் பச்சை பூத்த இடத்தில் பஞ்சால் வினிகரைத் தடவினால் லேசாக நுரைக்கும். நுரை நின்றபின் காய்ச்சி வடித்த நீரால் கழுவி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் விட்டு, நன்றாகக் காய விடுங்கள். வினிகரைக் கழுவாமல் விட்டால் மிச்சச் செம்பை அது அரிக்கும்.

அடுத்து, பக்கத்தில் ஐசி எனும் சிப்புகளைச் செருகும் சாக்கெட்டுகள். மேலே பளபளப்பாக இருக்கும். கழற்றிப் பார்த்தால் உள்ளே கறுத்திருக்கும். சுத்தம் செய்து மாளாது, மாற்றிவிடுங்கள். போர்டில் மின்சாரம் ஓடும் செம்புக் கோடு கறுத்திருந்தால் ஈயம் பிடிக்காது, முத்து முத்தாக உருண்டு ஓடும். 600 நம்பர் உப்புத்தாளால் செம்பு நிறம் தெரியும்வரை தேய்த்துவிட்டுத்தான் ஈயம் வைக்க வேண்டும். பிறகு மல்டிமீட்டரால் ஒவ்வொரு கோட்டிலும் முனைக்கு முனை மின்சாரம் அறுபடாமல் போகிறதா என்று பாருங்கள். முடி அளவு வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது.

இனி புதிய பேட்டரி. இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். பழையது சார்ஜ் ஆகும் வகை, சிஆர்2032 லித்தியம் அப்படியல்ல. சார்ஜ் ஏறினால் வீங்கும், வெடிக்கவும் செய்யும். ஆகவே 5 வோல்ட்டிலிருந்து பேட்டரிக்கு வரும் சார்ஜ் மின்தடையின் ஒரு காலைத் தூக்கிவிடுங்கள். புதிய பேட்டரிக்கான காலி ஹோல்டரின் இரு முனைக்கும் குறுக்கே 10 கிலோ ஓம் மின்தடை வைத்து, இயந்திரத்தை ஓட விட்டு அளந்தால் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். வோல்ட் தெரிந்தால் சார்ஜ் வழி இன்னும் திறந்திருக்கிறது.

மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோடு ஒன்று சேர்த்துவிட்டால் போதாதா என்பார்கள். போர்டில் ஏற்கெனவே ஒரு டயோடு இருந்தால், இரண்டிலும் சேர்த்து 1 வோல்ட் வரை விழும். 3 வோல்ட்டில் மிஞ்சுவது சுமார் 2. செட்டிங்கை வைத்திருக்கும் குறைமின் நினைவக ஐசி, அதாவது 6264 போன்ற சிமாஸ் ராம், நினைவைக் காக்கக் குறைந்தது 2 வோல்ட் கேட்கும். புதிதில் சமாளிக்கும், பேட்டரிக்குக் கொஞ்சம் வயதானதும் மறதி வந்துவிடும். இயந்திரத்தை அணைத்துவிட்டு அந்த ஐசியின் 28ஆம் காலுக்கும் 14ஆம் காலுக்கும் நடுவே அளந்தால் உண்மை தெரியும்.

எவ்வளவு நாள் தாங்கும்? பேட்டரியோடு தொடராக 1 கிலோ ஓம் மின்தடை வைத்து அதன் குறுக்கே அளங்கள். 1 மில்லிவோல்ட் என்றால் 1 மைக்ரோஆம்ப். 5 மைக்ரோஆம்ப் இழுத்தால், 220 மில்லிஆம்ப்-மணி பேட்டரி கணக்குப்படி 5 வருடம் வரும். நூற்றுக்கணக்கில் காட்டினால் யாரோ குறைமின் வகை அல்லாத ராமைச் செருகியிருக்கிறார்கள், அல்லது கசிவு இன்னும் சுத்தமாகவில்லை.

பேட்டரியே வேண்டாம் என்றால் எஃப்எம்16டபிள்யூ08 என்ற எஃப்ராம், அதாவது மின்சாரம் இல்லாமலே நினைவைக் காக்கும் ஐசி, 6264 இடத்தில் உட்காரும். ஆனால் ஒவ்வொரு முறை படிக்கும்போதும் அதை இயக்கத்துக்கு அழைக்கும் சிப் எனேபிள் காலில் வோல்ட் ஏறி இறங்க வேண்டும். அந்தக் காலைத் தரையோடு, அதாவது பூஜ்ய வோல்ட்டோடு, நிரந்தரமாகக் கட்டிய போர்டில் அது வேலை செய்யாது.

எல்லாம் முடிந்து மின்சாரம் கொடுத்தால் மறுபடியும் அதே மெமரி பிழை வரலாம். பயப்பட வேண்டாம். புதிதாக உயிர் பெற்ற ராமில் இருப்பது குப்பை. அந்த இயந்திரத்துக்குரிய முறையில் ராமை அழித்து, காசு மதிப்பு முதலான செட்டிங்கை மீண்டும் ஏற்றுங்கள். ஒரு எண்ணை மட்டும் வேண்டுமென்றே மாற்றி வைத்து, இரவு முழுக்க அணைத்துவிட்டு, காலையில் அந்த எண் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். வணக்கம்.