பொருளும் பொறுப்பும்

நேயர்களுக்கு வணக்கம். கணினியியல் பயிலும் மாணவர்கள் பல்கலைக்கழகத்தில் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் சந்திக்கும் பாடங்களுள் ஒன்று பொருள்நோக்கு நிரலாக்கம்: தரவையும் அதன்மேல் நடக்கும் செயல்களையும் ஒன்றாகக் கட்டிய பொருள்களைக் கொண்டு நிரல் எழுதும் முறை. உறைபொதியாக்கம், அருவமாக்கம், மரபுரிமம், பல்லுருவாக்கம் என்னும் அதன் நான்கு அடிப்படைக் கருத்துகளின் வரையறைகளையும் தேர்வுத்தாளில் பிழையின்றி எழுதிவிடும் ஒரு மாணவர், ஐந்நூறு வரி அளவில் ஒரு நிரலைத் தாமாகவே அமைக்கச் சொன்னால், எங்கே தொடங்குவது என்று தெரியாமல் திகைத்து நிற்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். இதில் மாணவரின் குறை சிறிதே. பாடத்தை வாலிலிருந்து தொடங்குகிறோம் என்பதே என் கருத்து.

இலக்கியம் கண்டதற்கே இலக்கணம் என்பார்கள். இந்தத் துறையிலும் அப்படித்தான் நடந்தது. 1960களில் ஒஸ்லோவிலிருந்த நார்வே கணினி மையத்தில் ஓலே யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்ட் என்னும் இருவர், நடைமுறை நிகழ்வுகளைக் கணினிக்குள் நடத்திப் பார்ப்பதற்காக சிமுலா என்ற மொழியை உருவாக்கினார்கள். பாலம் ஒன்றின் சுங்கச்சாவடியில் லாரிகளும் பேருந்துகளும் வரிசையில் நிற்பது போன்ற காட்சிகளே அவர்கள் முன்னிருந்த கணக்குகள். வரிசைக்கு, நிற்பது லாரியா பேருந்தா என்பது பொருட்டன்று. இரண்டுக்கும் பொதுவானதை ஓரிடத்தில் எழுதி, வேறுபடுவதை மட்டும் தனித்தனியே எழுத வேண்டும் என்ற தேவையே, 1967இல் வடிவம் பெற்ற சிமுலா 67 மொழியில் இனக்குழுவாகவும் அதன் உட்பிரிவாகவும் ஆனது. தேவை முன்னே வந்தது. மரபுரிமம் என்ற பெயர் பின்னே வந்தது. வகுப்பறையில் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது.

வகுப்பில் கிளாஸ் என்று சொல்வதையே இனக்குழு என்கிறேன். ஒரே வகையான பொருள்களை வார்க்கும் அச்சு அது. அந்த அச்சில் வார்த்தெடுக்கும் ஆப்ஜெக்ட் என்பதே பொருள். தமிழில் பொருள் என்றால் அர்த்தம் என்றும் உண்டு, செல்வம் என்றும் உண்டு. இந்த மயக்கம் தொல்லைதான் என்றாலும் வேறு நல்ல சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

ஒரு நூலகத்துக்கு நிரல் எழுதுவதாகக் கொள்வோம். கண்ணில் படும் பெயர்ச்சொற்களையெல்லாம் இனக்குழுவாக்கு என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட மாணவர், நூல் என்று ஒன்றையும் உறுப்பினர் என்று ஒன்றையும் உடனே எழுதிவிடுவார். திருப்பித் தர வேண்டிய நாளை எங்கே வைப்பது என்று கேட்டால், நூலில் என்பார். ஒரே நூலுக்கு மூன்று படிகள் இருந்து, அவை மூவரிடம் இருந்தால் என்ன செய்வது? அப்போதுதான் நூல் வேறு, அலமாரியில் இருக்கும் படி வேறு என்பது தெரிகிறது. சரி, நாளைப் படியில் வைக்கலாம் என்றால், சென்ற மாதம் அதே படியை எடுத்துச் சென்றவரைப் பற்றிய செய்தி அழிந்துபோகிறது. உறுப்பினரில் வைத்தாலோ அவர் எடுத்த நான்கு படிகளுக்கும் ஒரே நாளாகிவிடுகிறது. கையால் தொட முடியாத இரவல் என்னும் நிகழ்வே தனக்கென ஒரு பொருளாக நிற்க வேண்டும் என்பதையும், யார் எடுத்தார், எந்தப் படி, எந்நாள் வரை என்பதை அறிந்திருப்பது அதன் பொறுப்பு என்பதையும் மாணவர் தாமே கண்டுபிடிக்கும் அந்த ஒரு மணி நேரத்தை, நான்கு வரையறைகளை மனப்பாடம் செய்யும் ஒரு வாரத்துக்கு ஈடாக நான் கொடுக்கமாட்டேன்.

அடுத்த இடறல் உறைபொதியாக்கத்தில், அதாவது பொருளின் தரவை வெளியார் தொடாதபடி அதற்குள்ளேயே மூடிவைப்பதில். தரவுகளையெல்லாம் பிரைவேட், அதாவது வெளியிலிருந்து தொட முடியாதவை, என்று அறிவித்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் மதிப்பை வெளியே தரும் ஒரு கெட்டர், மதிப்பை மாற்றும் ஒரு செட்டர் எழுதுவது வழக்கமாகிவிட்டது. இது வீட்டைப் பூட்டிச் சாவியைக் கதவிலேயே தொங்கவிடுவது போன்றது. இரவலின் கடைசி நாளை வெளியே எடுத்து, ஏழு நாள் கூட்டி, மீண்டும் உள்ளே வைக்கும் நிரலில், நீட்டிப்பு இரண்டு முறைக்கு மேல் கூடாது என்ற விதியைக் காப்பவர் யாருமில்லை. நீட்டித்துக்கொள் என்று இரவலிடமே சொன்னால், விதியை அது பார்த்துக்கொள்ளும். 1970களில் ஸ்மால்டாக் என்னும் பொருள்நோக்கு நிரல்மொழியை உருவாக்கியவர்களுள் முதன்மையானவரான ஆலன் கே, பொருள் என்ற பெயரைத் தாம் சூட்டியதற்கு வருந்துவதாகவும், பொருள்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் செய்திகளே மையக் கருத்து என்றும் பின்னாளில் எழுதினார்.

ஜாவா என்னும் நிரல்மொழியைக் கற்பவர்களுக்கு முதல் நாளே வேறொரு சோதனை உண்டு. திரையில் ஒரு வணக்கம் தெரிவதற்குப் பப்ளிக் ஸ்டாட்டிக் வாய்ட் மெயின் என்று நெடுங்காலமாக எழுத வேண்டியிருந்தது. அந்தச் சொற்களின் விளக்கமோ பல வாரங்களுக்குப் பிறகுதான் வரும். இதைவிட ஆழமான குழப்பம், ஒரு பொருளுக்கு இரண்டு பெயர்கள் இருக்கக்கூடும் என்பதில் உள்ளது. ஒரு மாறியை, அதாவது நிரலில் மதிப்பைச் சுட்டும் பெயரை, இன்னொன்றுக்கு ஒதுக்கும்போது பொருள் நகலெடுக்கப்படுவதில்லை. அதே பொருளைச் சுட்டும் இரண்டாவது பெயர் மட்டுமே பிறக்கிறது. ஒரு பெயரின் வழியாகப் பட்டியலில் ஒன்றை நீக்கிவிட்டு, மற்றப் பெயரிலும் அது காணாமல் போனது ஏன் என்று விடியும் வரை தேடுவார்கள். இதற்கு மருந்து காகிதமும் பென்சிலும்தான்: பெட்டிகளும் அம்புகளும் வரைந்து, வரிக்கு வரி அம்பை நகர்த்திப் பார்க்க வேண்டும்.

மரபுரிமத்தை நான் கடைசியில் வைப்பேன். சதுரம் ஒரு வகைச் செவ்வகம் என்று கணிதம் சொல்கிறது. ஆகவே சதுரத்தைச் செவ்வகத்தின் உட்பிரிவாக்கலாம் என்று மாணவர் எழுதுகிறார். அகலத்தை 5 என்றும் உயரத்தை 4 என்றும் மாற்றிப் பரப்பு 20 வரும் என்று நம்பும் ஒரு செயற்கூறுக்கு, அதாவது ஒரு வேலையைச் செய்யும் நிரல் பகுதிக்கு, சதுரத்தைக் கொடுத்தால், பக்கங்கள் சேர்ந்தே மாறுவதால் 16 வருகிறது. தாய் இனக்குழு நிற்கும் இடத்தில் சேயை நிறுத்தினால் நிரலின் எதிர்பார்ப்பு கெடக்கூடாது என்று கணினியியலாளர் பார்பரா லிஸ்கோவ் 1987இல் முன்வைத்த கருத்து இதைப் பற்றியதே. வகை என்ற உறவு போதாது. நடத்தையும் ஒத்துப்போக வேண்டும்.

பயிற்சி எப்படி என்று கேட்பவர்களுக்கு, 1989இல் கென்ட் பெக், வார்ட் கன்னிங்காம் என்னும் நிரலாளர்கள் இருவர் வெளியிட்ட ஒரு முறையைச் சொல்கிறேன். ஓர் அட்டைக்கு ஓர் இனக்குழு. அதில் பெயர், இடப்பக்கம் அதன் பொறுப்புகள், வலப்பக்கம் அது யாருடைய உதவியை நாடும் என்பது. நான்கைந்து மாணவர்கள் ஆளுக்கோர் அட்டையை ஏந்தி மேசையைச் சுற்றி அமர்ந்து, உறுப்பினர் ஒருவர் படியைத் திருப்பித் தரும் நிகழ்வை நடித்துப் பார்க்கட்டும். தாமதக் கட்டணம் எவ்வளவு என்று ஒருவர் கேட்க, எவரும் தம் அட்டையில் அதைக் காணாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் கணம் வரும். அந்த இடத்தில் பென்சிலை எடுத்து எழுதத் தொடங்கலாம். நன்றி, வணக்கம்.