நாற்காலியா, கொள்கையா? 'கொள்கைக்கே வெற்றி' அணியின் உரை

நடுவர் ஐயாவுக்கும், என் அணியினருக்கும், எதிரணியில் உட்கார்ந்திருந்தாலும் நல்லவர்களாகவே இருக்கும் நண்பர்களுக்கும், சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்ட பிறகும் தூங்காமல் இருக்கும் ஆண்ட்வெர்ப் சொந்தங்களுக்கும் வணக்கம்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷம் இந்த ஊர் மேயராக இருந்து, 2025 பிப்ரவரி 3-ஆம் தேதி பெல்ஜியத்தின் பிரதமராகிவிட்டார் பார்ட் டெ வேவர். டச்சு பேசும் வடபகுதியான பிளாண்டர்ஸ் தனியாக நிற்கவேண்டும் என்று சொல்லும் கட்சியிலிருந்து வந்த முதல் பிரதமர். இது கொள்கைக்குக் கிடைத்த வெற்றியா, நாற்காலிக்குக் கிடைத்த வெற்றியா? கொள்கைக்கே என்று பேச வந்திருக்கிறேன்.

பேசலாம் என்று வந்தால், எனக்கு முன்னால் பேசிய தம்பி ஒரு வெடியைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். "பெல்ஜியத்திடம் விவாகரத்து கேட்டு வந்த மனுஷன், அந்த வீட்டுக்கே வீட்டோட மாப்பிள்ளை ஆகிவிட்டார்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். முன்வரிசையில் யார் யார் தட்டினீர்கள் என்று நான் பார்த்து வைத்திருக்கிறேன்.

தம்பி, உங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, அதனால் மன்னிக்கிறேன். வீட்டோட மாப்பிள்ளை என்றால் யார்? மாமனார் எழுந்தால் எழுவார், உட்கார்ந்தால் உட்காருவார். டிவி ரிமோட்டைக்கூடக் கேட்டுத்தான் வாங்குவார். டெ வேவர் அப்படியா இருந்தார்? 2003 தேர்தலில் அவருடைய என்.வி.ஏ. கட்சிக்கு 150 இடத்தில் கிடைத்தது ஒன்றே ஒன்று. அதுவும் கட்சியைத் தொடங்கிய கேர்ட் பூர்ஷ்வா ஜெயித்த இடம். மறுவருஷம் இவர் தலைவரானார். 2010-இல் 27 இடம், நாட்டிலேயே முதல் கட்சி!

அன்றைக்கே மாப்பிள்ளை அழைப்பு வந்ததே! மன்னர் இரண்டாம் ஆல்பர்ட்டே கூப்பிட்டு, அரசு அமைக்க வழி பாருங்கள் என்றார். பேசினார்கள், பேசினார்கள், மாதக்கணக்கில் பேசினார்கள். ஒத்துவரவில்லை. அரசு அமைக்க அதிக நாள் எடுத்த ஈராக்கின் சாதனையை முறியடித்துவிட்டோம் என்று ஜனங்கள் தெருவில் ஃப்ரிட், அதாவது உருளைக்கிழங்கு வறுவல், சாப்பிட்டுக் கொண்டாடினார்கள். 541 நாள் கழித்து பிரெஞ்சு பேசும் சோஷலிஸ்ட் தலைவர் டி ரூப்போ பிரதமரானார், இவர் எதிர்க்கட்சியில் போய் உட்கார்ந்தார். நாற்காலிதான் குறி என்றால் அன்றைக்கே கொஞ்சம் வளைந்து கொடுத்திருக்கலாமே?

2018-இல் என்ன நடந்தது? ஆட்சியில் இருந்தார்கள். ஐ.நா. குடியேற்ற ஒப்பந்தம் பிடிக்கவில்லை என்று மந்திரி பதவிகளை உதறிவிட்டு வெளியே வந்தார்கள். அதை அவர்கள் எதிர்த்தது எனக்குப் பிடிக்கவில்லை, நானும் இங்கே குடியேறி வந்தவன்தான். ஆனால் எனக்குப் பிடிக்கிறதா என்பது தலைப்பு இல்லை. எந்த ஊரில், தம்பி, வீட்டோட மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போயிருக்கிறார்? பெயர் சொல்லுங்கள், நான் போய் மாலை போடுகிறேன்.

சரி, இப்போது லாரிக் கதைக்கு வருகிறேன். தெரிந்தவர்கள் தெரியாத மாதிரி கேளுங்கள்.

2005 ஜனவரி. பிளாண்டர்ஸ் சம்பாதிக்கிறது, பிரெஞ்சு பேசும் தென்பகுதியான வலோனியா செலவழிக்கிறது என்று சொல்வதை அவர் மேடையில் பேசிக் காட்டவில்லை. பன்னிரண்டு லாரி பிடித்தார். அத்தனையிலும் நோட்டுக்கட்டு, எல்லாம் ஐம்பது யூரோ. கணக்கு 1,130 கோடி யூரோ. எல்லாம் போலி! கொண்டுபோன இடம் எது? வலோனியாவில் ஸ்ட்ரெபி-தியூ என்ற ஊர். கால்வாயில் வரும் கப்பலை அப்படியே 73 மீட்டர் மேலே தூக்கி வைக்கிற லிஃப்ட் அங்கே இருக்கிறது. கட்டி முடிக்க இருபது வருஷம் ஆன வெட்டிச் செலவு என்று பிளாண்டர்ஸில் அதைக் கரித்துக் கொட்டுவார்கள். அதன் முன்னால் போய் லாரிகளை வரிசையாக நிறுத்தினார்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்த லிஃப்டில் வேலை பார்க்கும் ஒருவர் காலையில் காபியோடு வெளியே வருகிறார். ஒரு லாரி. இன்னொரு லாரி. பன்னிரண்டு! எட்டிப் பார்த்தால் ஐம்பது ஐம்பதாக நோட்டு. வீட்டுக்குப் போன் போட்டு என்ன சொல்லியிருப்பார்? "அடியே, வீட்டுக் கடனைப் பற்றிக் கவலைப்படாதே, பிளாண்டர்ஸிலிருந்து ஆள் அனுப்பியிருக்கிறார்கள்!" அந்த அம்மா அதற்குள் பக்கத்து வீட்டில் சொல்லி, பக்கத்து வீட்டுக்காரர் சோபா பார்க்கக் கடைக்குப் போய், அப்புறம் தெரிகிறது அத்தனையும் காகிதம் என்று! அந்த ஊரில் இன்றைக்கு டெ வேவர் பெயரைச் சொன்னால் காபி கொடுப்பார்களா?

கதை முடிந்தது என்று நினைக்காதீர்கள். இருபது வருஷம் போகிறது. போலி நோட்டோடு போன அதே மனிதர் பிரதமர். பிரசெல்ஸில் நிதிப் பத்திரங்களைப் பாதுகாத்து வைக்கும் யூரோகிளியர் என்ற நிறுவனத்தில் ரஷ்யாவின் பணம் முடங்கிக் கிடக்கிறது, ஏறக்குறைய 19,000 கோடி யூரோ. இந்தத் தடவை அசல்! அதை வைத்து உக்ரைனுக்குக் கடன் கொடுப்போம் என்று ஐரோப்பாவே வந்து நிற்கிறது. நாளைக்கு வழக்கு வந்தால் பெல்ஜியம் தனியாகவா கட்டும், எல்லோரும் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடுங்கள் என்று வாசலை மறித்து நின்றார். டிசம்பரில் உச்சிமாநாடு விடியவிடிய நடந்தது. கடைசியில் அந்தப் பணத்தைத் தொடாமல் 9,000 கோடி யூரோவைச் சந்தையில் கடன் வாங்கித் தருவது என்று முடிந்தது. அன்றைக்கு லிஃப்ட் முன்னால் கேட்டதும் இன்றைக்குக் கேட்டதும் ஒரே கேள்விதான்: பில்லை யார் கட்டுவது? ஆள் மாறவில்லை, லாரிதான் இல்லை.

எதிரணியில் இன்னொரு அம்மையார் டெ வேவருடைய தாத்தாவை இழுத்தார். இழுக்கட்டும், அது உண்மை. தாத்தா இருந்த வி.என்.வி. கட்சி போர்க்காலத்தில் நாஜிகளுக்குத் துணை போனது. அந்தக் கட்சியின் வரலாற்றை விரிவாக எழுதியவர் யார் தெரியுமா? கெண்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் புருனோ டெ வேவர், இவருடைய சொந்த அண்ணன். அதற்கு மேல் நாம் சொல்ல என்ன இருக்கிறது? உடம்பில் அறுபது கிலோ குறைத்ததையும், டிவியில் பாண்டா வேஷம் போட்டதையும் சொல்ல ஆசைதான். மணி அடிக்கப் போகிறார்கள் என்று நடுவர் கை காட்டுகிறார்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன் ஐயா, இதற்குச் சிரிக்க வேண்டாம்.

1860. யான் கூக்கே, பீட்டர் கூதல்ஸ் என்று இரண்டு பிளாண்டர்ஸ்காரர்கள், பிழைப்புக்காக வலோனியா போன ஏழைத் தொழிலாளிகள். ஒரு விதவையைக் கொன்றதாக அவர்கள் மேல் வழக்கு. குற்றம் செய்தார்களா இல்லையா என்று இன்றைக்கும் வாதம் நடக்கிறது. ஆனால் விசாரணை நடந்தது பிரெஞ்சில். அவர்களுக்கு அது சரியாகத் தெரியாது. உயிர் போகிற வழக்கு, சாட்சி என்ன சொல்கிறார் என்று புரியாமல் கூண்டில் நின்றிருக்கிறார்கள். நவம்பரில் ஷார்லர்வாவில் தலையை வெட்டினார்கள். குற்ற வழக்கில் அவர்கள் மொழிக்கு இடம் தரும் சட்டம் வந்தது 1873-இல். 1830-இல் பிறந்த நாட்டின் அரசியல் சாசனம் டச்சு மொழியில் அதிகாரபூர்வமாக வந்தது 1967-இல்!

இந்த அரங்கில் மாலை வகுப்பில் டச்சு படித்த அம்மாக்கள் இருக்கிறீர்கள். மருத்துவமனையில் டாக்டர் சொல்வது புரியாமல், எட்டு வயதுப் பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தி மொழிபெயர்க்கச் சொன்ன அப்பாக்கள் இருக்கிறீர்கள். அந்த இரண்டு பேர் கூண்டில் எப்படி நின்றிருப்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அவர்கள் மொழி பேசுகிற ஒருவர், அந்த மொழிக்காகவே கட்சி நடத்திய ஒருவர், இன்று அதே நாட்டை ஆள்கிறார். இதைப் போய் நாற்காலி ஆசை என்கிறீர்களே தம்பி, மனசு வருகிறதா உங்களுக்கு?

மணி அடித்துவிட்டது. கொள்கைக்கே வெற்றி என்று தீர்ப்புச் சொல்லுங்கள் நடுவர் ஐயா. வணக்கம்.